எல்லா ஆட்டங்களும் ஒரே எடையுடையவை அல்ல: சர்வதேச உதைபந்தாட்டப் போட்டிகள் தரம்பிரிக்கப்படும் விதம்

2019 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11 ஆம் திகதி கொழும்பில் நடைபெறவிருந்து நடைபெறாமற்போன உதைபந்தாட்டப் போட்டியொன்றை எமது வாசகர்களிற் பலர் மறந்திருக்க மாட்டார்கள். 2022 உலகக் கிண்ணத்துக்கான ஆசிய வலயத் தகுதிகாண் போட்டிகளின் முதற்சுற்றில் இலங்கையும் மக்காவுவும் மோதின. சீனாவின் சூஹாய் நகரில் நடைபெற்ற முதலாவது ஆட்டத்தில் மக்காவு 1-0 என்ற கோல் கணக்கில் வென்றிருந்தது. உயிர்த்த ஞாயிறு தினக் குண்டுத் தாக்குதல்கள் நிகழ்ந்து இரண்டு மாதங்கள்கூட நிறைவுறாத நிலையில், பாதுகாப்பைக் காரணம் காட்டி மக்காவு உதைபந்தாட்டச் சங்கம் தனது அணியைக் கொழும்புக்கு அனுப்ப மறுத்துவிட்டது. விடயம் சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபாவிடம் சென்றது. 3-0 என்ற கணக்கில் இலங்கை வென்றதாகத் தீர்ப்பாயிற்று. பந்து உருளவில்லை, எவரும் கோல் போடவில்லை. ஆயினும் இலங்கை இரண்டாம் சுற்றுக்குச் சென்றது.

அந்த இரண்டாம் சுற்றில் இதற்கு நேர்மாறான நிகழ்வொன்றும் எமக்கு நேர்ந்தது. 2019 செப்டெம்பரில் வட கொரியா கொழும்புக்கு வந்து இலங்கையை 1-0 என வென்று சென்றது. 2021 மே மாதத்தில் கொவிட் தொற்று அச்சத்தினால் வட கொரியா சுற்றிலிருந்தே விலகியது. அதனுடன் ஆடிய ஆட்டங்கள் அனைத்தும் புள்ளி அட்டவணையிலிருந்து நீக்கப்பட்டன. ஆடப்படாத ஆட்டம் முடிவாகப் பதிவாகியது. ஆயிரக்கணக்கானோர் அறிய ஆடப்பட்ட ஆட்டமோ அட்டவணையில் இல்லாமற்போயிற்று.

ஓர் ஆட்டம் எப்போது சர்வதேச ஆட்டமாகிறது, அதன் பெறுமதியை யார் நிர்ணயிக்கிறார்கள் என்பன விதிப்புத்தகங்களுக்குள் அடங்கிய விடயங்கள் என்றே பொதுவாக எண்ணப்படுகிறது. எமது பார்வையில் அவ்வாறல்ல. பலம்வாய்ந்த நாடுகளுக்கு இது கணக்குப்பிள்ளையின் வேலையாக இருக்கலாம். எம்மைப் போன்று தரவரிசையின் அடித்தளத்தில் நிற்கும் நாடுகளுக்கு, ஆண்டொன்றுக்கு எத்தனை ஆட்டங்கள், எவற்றுடன் ஆடக் கிடைக்கும் என்பதையே இந்தத் தரம்பிரிப்பு தீர்மானிக்கிறது.

சர்வதேச ஆட்டம் என்ற சொல்லின் பொருள் விரிவானது. இரு வேறு நாட்டுச் சங்கங்களைச் சேர்ந்த எந்த இரு அணிகள் மோதினாலும் அது சர்வதேச ஆட்டமே. சென்னையிலிருந்து ஒரு கழக அணி யாழ்ப்பாணத்துக்கு வந்து ஆடினாலும் அப்படித்தான். இவற்றுள் இரு நாடுகளினதும் முதன்மைத் தேசிய அணிகள் மோதும் ஆட்டங்களையே பீபா முதல்நிலை சர்வதேச ஆட்டங்கள் என வகுக்கிறது. வழக்கில் இவை ‘ஏ’ தர ஆட்டங்கள் எனப்படும். ஒரு பக்கத்தில் தேசிய அணியும் மறுபக்கத்தில் கழகமொன்றோ தெரிவு அணியொன்றோ ஆடினால் அது அதற்கு அடுத்த நிலைக்கு இறங்கிவிடும். 23 வயதுக்குட்பட்டோர், 19 வயதுக்குட்பட்டோர் ஆட்டங்களும் நாட்டின் சீருடையில் ஆடப்பட்டாலும் ‘ஏ’ தரத்தைச் சேரா.

இந்த வரையறையினாற்றான் ஒலிம்பிக் உதைபந்தாட்டம் தேசிய அணிகளின் கணக்கில் இன்று சேர்வதில்லை. 1992 பார்சிலோனா விளையாட்டு விழாவிலிருந்து ஆண்கள் பிரிவு 23 வயதுக்குட்பட்டோருக்கானது. 1996 முதல் வயது கூடிய மூவருக்கு மாத்திரம் இடமுண்டு. ஆசிய விளையாட்டு விழாவும் 2002 முதல் இதே வழியிற் செல்கிறது. பதக்கம் கழுத்தில் விழும், ஆனால் சர்வதேச ஆட்டங்களின் எண்ணிக்கை ஒன்றினாலும் கூடாது.

வரையறை இறுகுமுன் ஆடிய வீரர்களுக்கு இது பெரும் சிக்கலை ஏற்படுத்தியிருக்கிறது. மலேசியாவின் புகழ்பெற்ற பின்கள வீரர் சோ சின் ஆன் 1969 முதல் 1984 வரை தமது நாட்டுக்காக ஆடியவர். அவர் ஆடிய ஆட்டங்கள் 250ஐத் தாண்டும் என்று நெடுங்காலம் கூறப்பட்டு வந்தது. கழக அணிகள், தெரிவு அணிகள் முதலானவற்றுடன் ஆடியவை கழிக்கப்பட்டபோது எண்ணிக்கை சுருங்கிக்கொண்டே வந்தது. 2021 இல் பீபா அவருக்கு அங்கீகரித்த எண்ணிக்கை 195. மிக அதிகமான சர்வதேச ஆட்டங்களில் ஆடிய ஆண் வீரர் என்ற சாதனையை 2023 மார்ச்சில் போர்த்துக்கலின் கிறிஸ்டியானோ ரொனால்டோ 197 ஆவது ஆட்டத்துடன் தம் வசமாக்கியபோது, அவர் முந்திச் சென்றது குவைத்தின் பாதர் அல் முதாவாவின் 196 ஐ. கழிக்கப்பட்டவற்றுள் சில ஆட்டங்களேனும் வேறு விதமாக வகைப்படுத்தப்பட்டிருப்பின் அந்தச் சாதனை கோலாலம்பூரில் இருந்திருக்கும்.

இந்த வழக்கு உதைபந்தாட்டத்தின் வயதை ஒத்தது. 1870 க்கும் 1872 க்கும் இடையில் லண்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்தும் ஸ்கொட்லாந்தும் என்ற பெயரில் ஐந்து ஆட்டங்கள் நடந்தன. எனினும் அந்த ‘ஸ்கொட்லாந்து’ அணி, பெரும்பாலும் லண்டனையும் அதன் அயலையும் சார்ந்தோரைக் கொண்டு ஆங்கிலேயரின் ஏற்பாட்டிலேயே திரட்டப்பட்டது. ஆகவே அந்த ஐந்தும் தள்ளப்பட்டு, 1872 நவம்பர் 30 ஆம் திகதி கிளாஸ்கோவில் கோலின்றி முடிவடைந்த ஆட்டமே உலகின் முதலாவது சர்வதேச ஆட்டம் என்ற பெருமையைப் பெற்றது. நாட்டின் பெயரைச் சூட்டிக்கொள்வதால் மட்டும் ஓர் அணி அந்த நாட்டின் அணியாகிவிடாது என்ற கோட்பாடு அன்றே நிலைபெற்றுவிட்டது.

அந்தக் கோட்பாட்டை மறந்ததன் விளைவை 2010 இல் பஹ்ரைன் அனுபவித்தது. அவ்வாண்டு செப்டெம்பர் 7 ஆம் திகதி டோகோ நாட்டுத் தேசிய அணி என்று வந்திறங்கிய அணியொன்றை பஹ்ரைன் 3-0 என வென்றது. வந்தவர்கள் தொண்ணூறு நிமிடம் ஓடி ஆடும் உடற்தகுதியே அற்றவர்களாகக் காணப்பட்டனர். தாம் எந்த அணியையும் அனுப்பவில்லை என்று டோகோ உதைபந்தாட்டச் சம்மேளனம் அறிவித்தபோதுதான் விடயம் வெளிச்சத்துக்கு வந்தது. முழு அணியுமே போலி! அடுத்த ஆண்டு பெப்ரவரியில் துருக்கியின் அந்தல்யா நகரில் ஒரே நாளில் இரு சிநேகபூர்வ ஆட்டங்கள் நடைபெற்றன. லத்வியாவும் பொலிவியாவும் ஒன்றில், எஸ்தோனியாவும் பல்கேரியாவும் மற்றதில் ஆடின. இரண்டிலும் விழுந்த கோல்கள் ஏழு. ஏழுமே பெனால்டி உதைகள். அவற்றுக்கு நடுவர்களாகக் கடமையாற்றிய ஆறு பேருக்கு பீபா பின்னர் ஆயுட்காலத் தடை விதித்தது. சூதாட்டக் கும்பல்கள் உலகக் கிண்ண இறுதியாட்டத்தை நாடிச் செல்வதில்லை, எவரும் கவனியாத சிநேகபூர்வ ஆட்டங்களையே தேடிச் செல்கின்றன. முதல்நிலை ஆட்டமொன்றுக்கு பீபாவினதும், கண்ட சம்மேளனத்தினதும், உரிய தேசிய சங்கங்களினதும் அனுமதி வேண்டும் என்ற விதி வெறும் காகித வேலை அல்ல என்பதற்கு இவ்விரண்டு சம்பவங்களுமே போதும்.

இனி, உரிய அணிகள் உரிய அனுமதியுடன் ஆடினாலும் ஆட்டம் தரமிழக்க இடமுண்டு. 2003 பெப்ரவரியில் லண்டன் அப்டன் பார்க் மைதானத்தில் அவுஸ்திரேலியாவுடன் ஆடிய இங்கிலாந்து அணியின் பயிற்றுநர் ஸ்வென் கோரன் எரிக்சன், இடைவேளையின்போது பதினொரு பேரையும் வெளியே எடுத்துவிட்டு வேறு பதினொரு பேரை இறக்கினார். பதினேழு வயது வெய்ன் ரூனி தேசிய அணிக்கு அறிமுகமானது அந்த இரண்டாவது பாதியில்தான். அவுஸ்திரேலியா 3-1 என வென்றது. கட்டணம் செலுத்தி வந்த இரசிகர்கள் பார்த்தது சர்வதேச ஆட்டமா, பயிற்சி ஆட்டமா என்ற கேள்வி எழுந்தது. மறுவருடம் சிநேகபூர்வ ஆட்டமொன்றில் ஓர் அணி பயன்படுத்தக்கூடிய மாற்று வீரர்களின் தொகை ஆறாக மட்டுப்படுத்தப்பட்டது. பத்தாண்டுகளின் பின், 2014 மே மாதத்தில், பெல்ஜியம் தனது கென்க் நகரில் லக்சம்பேர்க்கை 5-1 என வென்றது. ரொமேலு லுக்காக்கு மூன்று கோல்களைப் போட்டார். ஆனால் மாற்று வீரர்களின் எண்ணிக்கை ஆறைத் தாண்டிவிட்டது. பீபா அந்த ஆட்டத்தை ‘ஏ’ தர ஆட்டமாக ஏற்கவில்லை. அந்த மூன்று கோல்களும் பயிற்றுநரின் ஒரு தவறான எண்ணிக்கையினால் கணக்கிலிருந்து மறைந்தன.

சிநேகபூர்வ ஆட்டத்துக்கும் போட்டி ஆட்டத்துக்கும் உள்ள வேறுபாடு சிலரது வாழ்க்கையையே மாற்றியிருக்கிறது. பிரேசிலிற் பிறந்த டியாகோ கொஸ்தா 2013 மார்ச்சில் பிரேசிலுக்காக இரு ஆட்டங்களில் ஆடினார். இரண்டும் சிநேகபூர்வ ஆட்டங்கள். ஆகவே அவர் ஸ்பெயினுக்கு மாற முடிந்தது. 2014 உலகக் கிண்ணத்தில், அதுவும் பிரேசில் மண்ணிலேயே, ஸ்பெயின் சீருடையில் களமிறங்கினார். ஸ்பெயினிற் பிறந்த மொரோக்கோ வம்சாவளியினரான முனீர் அல் ஹத்தாதிக்கோ அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 2014 செப்டெம்பரில், தமது 19 ஆவது வயதில், மசிடோனியாவுக்கு எதிரான ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் கால் மணி நேரத்துக்கும் குறைவாகவே அவர் ஸ்பெயினுக்காக ஆடினார். அது ஐரோப்பியக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டம். போட்டி ஆட்டமாகையால் அவர் ஸ்பெயினுடன் பிணைக்கப்பட்டுவிட்டார். ஸ்பெயின் அவரை மீண்டும் அழைக்கவுமில்லை. மொரோக்கோவுக்கு ஆட அனுமதி கோரிய முறையீட்டை 2018 உலகக் கிண்ணத்துக்குச் சற்று முன்னர் விளையாட்டுத்துறை நடுவர் நீதிமன்றம் நிராகரித்தது. 2020 இல் பீபா விதியைத் தளர்த்திய பின்னரே, 2021 மார்ச்சில், அவர் மொரோக்கோ அணியில் ஆடினார். ஒரு சில நிமிடங்களுக்காக ஓர் இளைஞர் ஆறரை ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள் இரு நாடுகளுக்கு நடுவே நிற்கும் இக்காலத்தில், இலங்கை அணியும் வெளிநாடுகளில் வளர்ந்த இலங்கை வம்சாவளியினரை நாடத் தொடங்கியுள்ள நிலையில், இந்த வேறுபாட்டை எமது பெற்றோரும் அறிந்திருத்தல் நன்று.

நாடாக ஏற்கப்படாதோரின் ஆட்டங்களை எந்த வகையிற் சேர்ப்பது என்பது வேறொரு பிரச்சினை. பீபாவின் அங்கத்துவமே இங்கு அளவுகோல், ஐக்கிய நாடுகள் சபையின் அங்கத்துவம் அல்ல. பலஸ்தீனம் 1998 இல் பீபாவின் அங்கத்துவத்தைப் பெற்றது. அன்றிலிருந்து அதன் ஆட்டங்கள் பிரேசிலினதும் ஜேர்மனியினதும் ஆட்டங்களுக்கு ஈடான ‘ஏ’ தர ஆட்டங்கள். எனினும் சொந்த மண்ணில் ஒரு சர்வதேச ஆட்டத்தை ஆட அது 2008 ஒக்டோபர் வரை காத்திருந்தது. ஜெரூசலத்துக்கு அண்மையிலுள்ள அர் ராம் நகரில் ஜோர்தானுடன் ஆடிய அந்த ஆட்டம் 1-1 என முடிந்தது. தரவரிசைக் கணக்கில் அது ஒரு சாதாரண சிநேகபூர்வ ஆட்டம். அன்று அரங்கில் நின்ற மக்களுக்கு அதன் எடை எவ்வளவு என்பதை எந்தச் சூத்திரத்தாலும் கணிக்க முடியாது. 2014 இல் மாலைதீவில் நடைபெற்ற ஆசிய சவால் கிண்ணத்தின் இறுதியில் பிலிப்பைன்ஸை 1-0 என வென்று பலஸ்தீனம் முதன்முறையாக ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதிபெற்றது. 2024 ஜனவரியில், காஸாவில் போர் நடந்துகொண்டிருக்கையில், ஆசியக் கிண்ணத்தின் இறுதிப் பதினாறு அணிகளுள் ஒன்றாயிற்று.

கொசோவோ வந்த வழி வேறு. 2014 ஜனவரியில் அங்கத்துவம் இன்றியே சிநேகபூர்வ ஆட்டங்களுக்கு மாத்திரம் பீபா அனுமதி வழங்கியது. கொடி கூடாது, தேசிய கீதம் கூடாது என்பன நிபந்தனைகள். மார்ச் மாதம் மித்ரோவிச்சாவில் ஹெய்ட்டியுடன் கோலின்றிச் சமநிலையில் முடிந்தது அதன் முதலாவது ஆட்டம். முழு அங்கத்துவம் 2016 மே மாதத்தில் கிடைத்தது. இந்த வாயிலுக்கு வெளியே நிற்போருக்கென 2013 இல் உருவான கொனிபா என்ற அமைப்பு தனியே உலகச் சுற்றுப்போட்டிகளை நடத்துகிறது. புலம்பெயர் தமிழ் இளைஞர்களைக் கொண்ட தமிழீழ அணி 2014 இல் சுவீடனிலும் 2018 இல் லண்டனிலும் நடைபெற்ற அத்தகைய போட்டிகளில் ஆடியது. அந்த ஆட்டங்கள் பீபாவின் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

இனி தரவரிசைக்கு வருவோம். தரப்படுத்தல் என்ற சொல் எமது மக்களுக்கு வேறு நினைவுகளைத் தரக்கூடியது. ஆகையால் நாம் இங்கு தரவரிசை என்றே எழுதுகிறோம். 1992 டிசெம்பரில் அறிமுகமான பீபா தரவரிசையின் கணிப்பு முறை பல தடவை மாறியுள்ளது. 2006 முதல் 2018 வரை இருந்த முறையில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு பெருக்கெண் இருந்தது. சிநேகபூர்வ ஆட்டத்துக்கு 1, தகுதிகாண் ஆட்டத்துக்கு 2.5, கண்டக் கிண்ண இறுதிச் சுற்றுக்கு 3, உலகக் கிண்ணத்துக்கு 4. கிடைத்த புள்ளிகளின் சராசரியே அணியின் தரம். இங்குதான் ஓட்டை இருந்தது. பலவீனமான அணியுடன் சிநேகபூர்வமாக ஆடி வென்றாலும் சராசரி குறைந்துவிடும். ஆகவே வீட்டில் இருப்பதே இலாபம்!

இந்த ஓட்டையைப் போலந்து நன்கு பயன்படுத்திக்கொண்டது. 2016 நவம்பரில் ஸ்லோவேனியாவுடன் ஆடிய பின் ஓராண்டு காலம் அது ஒரு சிநேகபூர்வ ஆட்டத்தையும் ஆடவில்லை. தகுதிகாண் ஆட்டங்களை மட்டும் ஆடியது. 2018 உலகக் கிண்ணக் குழுக்களைத் தீர்மானிக்க 2017 ஒக்டோபர் தரவரிசை எடுத்துக்கொள்ளப்பட்டபோது போலந்து ஆறாம் இடத்தில் இருந்தது. முதற்பிரிவில் பிரேசில், ஜேர்மனி ஆகியவற்றுக்கு அருகில் அதற்கு ஆசனம் கிடைத்தது. ஸ்பெயினும் இங்கிலாந்தும் இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டன. போலந்து விதியை மீறவில்லை. விதியே அவ்வாறு இருந்தது. உலகக் கிண்ணத்தில் அது முதற்சுற்றுடன் வெளியேறியது என்பது வேறு கதை.

2018 ஓகஸ்ட் முதல் நடைமுறையிலுள்ள முறையில் சராசரி இல்லை. சதுரங்க வீரர்களைத் தரப்படுத்த ஹங்கேரியிற் பிறந்த அமெரிக்கப் பேராசிரியர் ஆர்பாட் எலோ வகுத்த முறையை ஒட்டியது இது. ஓர் ஆட்டத்துக்கு முன்னரே இரு அணிகளின் புள்ளி வித்தியாசத்தைக் கொண்டு எதிர்பார்க்கப்படும் முடிவு கணிக்கப்படுகிறது. எதிர்பார்ப்பை மிஞ்சினால் புள்ளி கூடும், குறைந்தால் குறையும். எவ்வளவு என்பதை ஆட்டத்தின் வகை தீர்மானிக்கிறது. சிநேகபூர்வ ஆட்டம் பீபா ஒதுக்கிய சர்வதேச நாட்களுக்குள் ஆடப்பட்டால் அதன் எடை 10, அந்த நாட்களுக்கு வெளியே ஆடப்பட்டால் 5. தேசங்களின் லீக் குழுநிலை ஆட்டங்களுக்கு 15. உலகக் கிண்ணத்துக்கும் கண்டக் கிண்ணங்களுக்குமான தகுதிகாண் ஆட்டங்களுக்கு 25. ஆசியக் கிண்ணம் போன்ற கண்டக் கிண்ணங்களின் இறுதிச் சுற்றில் 35, காலிறுதியிலிருந்து 40. உலகக் கிண்ணத்தில் 50, காலிறுதியிலிருந்து 60.

ஓர் உதாரணத்துடன் விளக்குவோம். 850 புள்ளிகளைக் கொண்ட அணியொன்று 1,000 புள்ளிகளைக் கொண்ட அணியுடன் மோதுகிறது. சூத்திரப்படி பலவீனமான அணியின் எதிர்பார்ப்பு ஏறத்தாழ 0.36. வெற்றியின் மதிப்பு 1. வித்தியாசம் 0.64. வெற்றி பெற்றால், ஒதுக்கப்பட்ட நாட்களுக்கு வெளியே ஆடிய சிநேகபூர்வ ஆட்டமாயின் 3.2 புள்ளிகள் கிடைக்கும். அந்த நாட்களுக்குள்ளாயின் 6.4. தகுதிகாண் ஆட்டமாயின் 16. அதே பதினொருவர், அதே மைதானம், அதே கோல். திகதியும் பெயரும் மாறினால் பலன் ஐந்து மடங்கு வேறுபடுகிறது. தோற்றால் இழப்பும் அவ்வாறே: 1.8, 3.6, 9.

எனவே புதிய முறையில் வீட்டில் இருப்பது இலாபம் தராது. அது நல்ல மாற்றம்தான். ஆனால் பெரும் எடையுள்ள ஆட்டங்கள் யாருக்குக் கிடைக்கின்றன என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. ஐரோப்பிய அணிக்குத் தகுதிகாண் ஆட்டங்களும் தேசங்களின் லீக் ஆட்டங்களும் ஆண்டுதோறும் வரிசையாக வருகின்றன. ஆசியாவில் 2026 உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டிகளில் தரவரிசையின் முதல் 26 அணிகள் நேரே இரண்டாம் சுற்றுக்குச் சென்றன. அங்கு ஒவ்வொன்றுக்கும் ஆறு ஆட்டங்கள் உறுதி. எஞ்சிய 20 அணிகள் முதற்சுற்றில் சோடிகளாக மோதின. 2023 ஒக்டோபரில் இலங்கை யேமனிடம் 3-0 எனத் தோற்று, கொழும்பில் 1-1 எனச் சமன் செய்து, இரண்டு ஆட்டங்களுடன் வெளியேறியது. தரம் தாழ்ந்திருப்பதால் ஆட்டங்கள் குறைகின்றன, ஆட்டங்கள் குறைவதால் தரம் உயர வழியில்லை. ஏழையின் கடனைப் போன்ற சுழல் இது.

எமது பிராந்தியத்தின் கிண்ணங்களின் நிலையையும் இங்கு கூறத்தான் வேண்டும். 1995 இல் கொழும்பில் நடைபெற்ற தெற்காசியத் தங்கக் கிண்ணத்தின் இறுதியில் இந்தியாவை 1-0 என வென்று இலங்கை சம்பியனானது. எமது உதைபந்தாட்ட வரலாற்றின் உச்ச வெற்றி அதுவே. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் புத்தளத்திலும் கிண்ணியாவிலும் பந்தை உதைத்து வளர்ந்த தலைமுறைக்கு அதன் பெருமை தெரியும். இன்றைய கணிப்பு முறையில் தெற்காசியக் கிண்ணம் கண்ட மட்டத்திலான போட்டி அல்ல. அதன் ஆட்டங்கள் சிநேகபூர்வ ஆட்டங்களுக்குரிய எடையையே பெறுகின்றன. இறுதியாட்டமும் அப்படியே. ஆபிரிக்காவில் உள்ளூர்க் கழக வீரர்கள் மட்டுமே ஆடும் கண்டப் போட்டியொன்று 2009 இல் ஆரம்பமாகி, 2014 இலிருந்து முழுமையான ‘ஏ’ தர அங்கீகாரத்தைப் பெற்றது. அதன் பின்னால் ஆபிரிக்க சம்மேளனத்தின் விடாமுயற்சி இருந்தது. தெற்காசிய நாடுகள் ஒன்றுசேர்ந்து தமது கிண்ணத்துக்குக் கூடுதல் எடை கோருவதில் தவறேதும் இருப்பதாக எமக்குத் தோன்றவில்லை. குறைந்தபட்சம் அதனைச் சர்வதேச நாட்களுக்குள் நடத்தினாலே எடை இரட்டிப்பாகும்.

கிடைக்கும் ஆட்டங்களையும் நாமே இழந்த காலமும் உண்டு. 2023 ஜனவரியில் மூன்றாம் தரப்புத் தலையீட்டைக் காரணங்காட்டி பீபா இலங்கையை இடைநிறுத்தியது. ஓகஸ்ட் இறுதியிலேயே தடை நீங்கியது. அந்த ஏழு மாதங்களில் இலங்கை அணிக்கு அங்கீகரிக்கப்பட்ட ஆட்டம் எதனையும் ஆடும் உரிமை இருக்கவில்லை. பெங்களூரில் அவ்வாண்டு நடைபெற்ற தெற்காசியக் கிண்ணத்தில் எமது இடம் வெறுமையாயிற்று. குவைத்தும் லெபனானும் விருந்தினர்களாக வந்து ஆடின. பதவிப் போட்டியில் ஈடுபட்டோர் எத்தரப்பினராயினும், விலையைக் கொடுத்தவர்கள் வீரர்களே. உதைபந்தாட்ட வீரனின் ஆட்ட ஆயுள் குறுகியது. ஏழு மாதங்களை எவரும் அவனுக்குத் திருப்பித் தரப்போவதில்லை.

அதன் பின்னர் நிலைமை சற்றே மாறியது. பெரிய அணிகளுடன் மோத வாய்ப்பற்ற நாடுகளுக்காக பீபா ஆரம்பித்த தொடரின் ஒரு பகுதி 2024 மார்ச்சில் கொழும்பில் நடைபெற்றது. பூட்டான், பப்புவா நியூகினி, மத்திய ஆபிரிக்கக் குடியரசு என்பன வந்தன. சர்வதேச நாட்களுக்குள் ஆடப்பட்டமையால் அவை எடை 10 பெற்ற ஆட்டங்கள். அவ்வாண்டு செப்டெம்பரில் 2027 ஆசியக் கிண்ணத்துக்கான தகுதிகாண் சுற்றில் கம்போடியாவை இலங்கை சந்தித்தது. கொழும்பில் கோலின்றியும் புனோம் பென்னில் 2-2 எனவும் இரு ஆட்டங்களும் சமநிலையாக, பெனால்டி உதைகளில் இலங்கை வென்றது. மறுநாட் பத்திரிகைகளில் அது ஒரு சிறு செய்தி. ஆனால் அந்தச் சில உதைகள் பெற்றுத் தந்தது தாய்லாந்து, துர்க்மெனிஸ்தான், சீன தாய்ப்பே ஆகியவற்றுடன் ஒரே குழுவில் ஓர் இடத்தை. அதாவது, ஒவ்வொன்றும் எடை 25 கொண்ட ஆறு ஆட்டங்களை.